மடக்குக் கத்தி: உங்கள் கேள்வி, எங்கள் பதில்

மடக்குக் கத்தி, பேனாக் கத்தி, ஒட்டுக் கத்தி பற்றி மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே பாகத்துக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதால், இங்கே என்ன சொல் எதைக் குறிக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெட்டுகிற பகுதி அலகு. கைப்பிடியின் முதுகில் நீளமாக ஓடும் எஃகுத் துண்டு வில். அலகு சுழலும் ஆணி அச்சாணி. அந்த முனையில் கைப்பிடிக்கு மேல் இருக்கும் உலோகக் கவசம் பூண். நகம் கொடுத்துத் திறக்கும் பள்ளம் நகக்குழி.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு அலகுள்ள பேனாக் கத்தி கிடைத்தது. வெள்ளைக் கைப்பிடி. அலகின் அடியில் ராட்ஜர்ஸ் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அசல் ஷெஃபீல்டு கத்திதானா? எந்தக் காலத்தது? (திருமங்கலம் வாசகர்)

பூதக்கண்ணாடி, சின்னக் காந்தம், நல்ல பகல் வெளிச்சம் இருந்தால் முக்கால்வாசி விடை வீட்டிலேயே கிடைத்துவிடும். பளபளப்பாக்குகிறேன் என்று அலகைத் தேய்க்காதீர்கள். எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

ஷெஃபீல்டு, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம். அந்த ஊர் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் கம்பெனியின் முத்திரையில் ஒரு நட்சத்திரமும், அதன் பக்கத்தில் கைகள் நுனியில் விரிந்த மால்டா சிலுவையும் இருக்கும். அரண்மனைக்குக் கத்தி கொடுத்தவர்கள் என்பதால் ஆட்சியில் இருந்தவரின் முதலெழுத்தையும் சேர்த்துப் பொறிப்பது வழக்கம். வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி, 1837 முதல் 1901 வரை. இ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. ஜி.ஆர். என்று இருந்தால் பெரும்பாலும் 1910க்குப் பிந்தைய ஜார்ஜ் மன்னர்கள் காலம். நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அதுவும் ஒரு தடயம். வெளிநாட்டுச் சரக்கில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890ல் வரிச் சட்டம் போட்ட பிறகுதான் இங்கிலாந்து என்ற சொல் கத்திகளில் வழக்கமானது.

போலியைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913ல் உருவாக்கினார். ஆகவே ஒரே அலகில் வி.ஆர். எழுத்தும் ஸ்டெயின்லெஸ் என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால், அந்தக் கத்தியைச் செய்தவருக்கு வரலாறு தெரியவில்லை என்று அர்த்தம். பெயர் பெற்ற கம்பெனி என்பதால் ராட்ஜர்ஸ் முத்திரையைக் காப்பியடிப்பது அந்தக் காலத்திலேயே நடந்தது. எழுத்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தாலோ, பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, சிலுவை வெறும் கூட்டல் குறியாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

வெள்ளைக் கைப்பிடி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். எலும்பு என்றால் பூதக்கண்ணாடியில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகளும் குட்டிக் கோடுகளும் தெரியும். தந்தம் என்றால் புள்ளி இராது. வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோல் தெரியும். செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக் என்றால் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இணையாக ஓடும். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசம் வரும், ஏனென்றால் அதில் கற்பூரம் கலந்திருக்கிறது. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள். தந்தமாக இருந்தால் விற்கவோ வாங்கவோ சட்டத்தில் இடமில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது? (மேலூர் வாசகர்)

எல்லாவற்றையும் “வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி” என்றுதான் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் கத்தியைக் கையில் வாங்குங்கள்.

திறப்பதற்கு முன் மடக்கிய நிலையில் பாருங்கள். அலகின் முனைக்கும் அது போய் உட்காரும் பள்ளத்தின் முடிவுக்கும் இடையே சிறு இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் காலியாக இருந்தால் முனை ஒடிந்து, திரும்பத் தேய்த்துக் கூர்மையாக்கியிருக்கிறார்கள். மடக்கிய கத்தியின் மேல் விரலை மெதுவாக ஓட்டினால் முனை குத்தக் கூடாது. குத்தினால் அலகு மாற்றப்பட்டிருக்கும், அல்லது கன்னாபின்னாவென்று தேய்க்கப்பட்டிருக்கும்.

இனி மெதுவாகத் திறங்கள். வில் நன்றாக இருந்தால் முதல் பாதியில் அலகு எதிர்ப்புக் காட்டும், பிற்பாதியில் தானே இழுத்துக்கொண்டு “டக்” என்று நிற்கும். மடக்கும்போதும் அதே சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் கொழகொழவென்று நடந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உள்ளே பழைய எண்ணெயும் தூசியும் கெட்டியாகியிருக்கலாம், அல்லது வில் சோர்ந்திருக்கலாம். முன்னது கழுவினால் சரியாகும். பின்னது சரியாகாது. கடையிலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க, பாதி திறந்த நிலையில் வில்லின் முதுகைப் பாருங்கள். கைப்பிடியின் மட்டத்துக்கு மேல் சற்றே எழும்பி, முழுக்கத் திறந்ததும் மட்டமாக இறங்கினால் வில்லுக்கு உயிர் இருக்கிறது.

முழுக்கத் திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். ஒரு மயிரிழை ஆடினால் பரவாயில்லை. அது அச்சாணி தளர்ந்ததால் வருவது, சரிசெய்யலாம். மேலும் கீழுமாக ஆடினால் விட்டுவிடுங்கள். அலகின் அடியும் வில்லின் நுனியும் ஒன்றையொன்று தேய்த்துத் தின்றுவிட்ட கத்தி அது. அச்சாணியை எத்தனை முறை தட்டினாலும் சரியாகாது.

அலகின் அகலத்தையும் கவனியுங்கள். ஒரே கத்தியில் பெரிய அலகு மெலிந்து, சின்ன அலகு புதிதுபோல் இருந்தால் அது நேர்மையான பழைய கத்தி. பெரியதைத்தான் எல்லோரும் உபயோகித்திருப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி மெலிந்து, முத்திரை எழுத்தும் பாதி மறைந்திருந்தால் யாரோ பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஓரங்கள் எல்லாம் உருண்டு, நகக்குழியின் விளிம்பு மழுங்கி இருப்பதும் அதற்கு அடையாளம். பஃபிங் போட்ட கத்தியை விலை குறைத்துக்கூட வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. துருப்பிடித்ததைக் காப்பாற்றலாம், தேய்ந்து போனதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

கடைசியாகக் காந்தம். பித்தளைப் பூண் என்று சொல்லிக் கொடுத்ததில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. பழைய சாதாரணக் கத்திகளில் இரும்புப் பூண் இருப்பது இயல்புதான். ஆனால் சொன்ன சரக்கும் கொடுத்த சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

இந்தக் கடைகளில் தேடினால் பட்டாளத்துக் கத்தி அகப்படலாம். கறுப்புச் சொரசொரப்புக் கைப்பிடி, ஓர் அகலமான அலகு, ஒரு டின் திறப்பான், கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி, தொங்கவிட ஒரு வளையம். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் படையின் கத்தி இது. படைச் சொத்துக்கு அடையாளமான அகன்ற அம்புக்குறியும் வருடமும் பொறித்திருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: அலகு துருவேறி உள்ளேயே சிக்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

வேண்டாம். நெம்பினால் முதலில் போவது முனை, அடுத்தது வில். துரு அரித்த குழிகள் இருக்கும் வில், திடீரென்று வளைத்தால் அந்தக் குழியிலிருந்துதான் விரியும். வில் ஒடிந்தால் கத்தியின் கதை முடிந்தது.

மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். இரண்டு மில்லி தாராளம். கத்தியைப் பூண் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்தி, அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வில்லும் அலகும் சந்திக்கும் இடத்தில் வெளியிலிருந்தும் இரண்டு சொட்டு. மரம், கொம்பு, எலும்புக் கைப்பிடியை எண்ணெயில் ஊறப்போடக் கூடாது. ஊறி உப்பும், கறை ஏறும். ஒரு நாள் கழித்து மறுபடி சொட்டு விடுங்கள். இப்படி மூன்று நான்கு நாள் ஆகலாம். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பிறகு பழைய பெல்ட் துண்டை அலகின் மேல் மடித்து வைத்து, அதன் மேல் குறடால் பிடியுங்கள். முனைப் பக்கம் பிடிக்காமல் நகக்குழிக்கும் பூணுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தூக்கி, திரும்ப மடக்குங்கள். காப்பிப்பொடி நிறத்தில் சேறு கசியும். துடைத்துவிட்டு எண்ணெய் விட்டு மறுபடி. ஒரே இழுப்பில் திறக்க முயலாதீர்கள். முன்னும் பின்னும் நடக்க நடக்கத் துரு தானே அரைபட்டு வெளியே வரும்.

முழுக்கத் திறந்ததும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பழைய டூத் பிரஷால் உள்பள்ளத்தைத் தேய்த்துக் கழுவி, உடனே உதறி, ஹேர் டிரையரில் காயவைத்து, காய்ந்த சூடு ஆறுமுன் அச்சாணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு இருபது முறை திறந்து மூடுங்கள். கைப்பிடி செல்லுலாய்டு என்றால் ஹேர் டிரையரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மின்விசிறிக் காற்று போதும்.

கேள்வி: நத்தம் மாங்காய் நறுக்கியதில் அலகு கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (நத்தம் வாசகர்)

கெட்டுப்போகவில்லை. உங்களுடையது கார்பன் எஃகு. மாங்காய்ப் புளிப்பும், பாக்கு போன்றவற்றின் துவர்ப்பும் பட்டால் அதன் மேல் சாம்பல், நீலம், கறுப்பு என்று ஒரு படலம் ஏறும். அது சிவப்புத் துருவைத் தடுக்கும் நல்ல படலம். சேகரிப்பவர்கள் அதைச் சுரண்ட மாட்டார்கள். விரலில் செம்பழுப்பாக ஒட்டினால்தான் அது துரு. மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, துரு இருக்கும் இடத்தில் மட்டும், அலகின் நீளவாக்கில் தேயுங்கள்.

புளி, எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் விளக்கும் பொடி மூன்றும் கத்திப் பக்கமே வரக் கூடாது. பூண் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்பு அச்சாணிக்குள் இறங்கி, வெளியே தெரியாத இடத்தில் அரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவலாமா? (சோழவந்தான் வாசகர்)

தினமும் பழம் நறுக்கும் கத்தி என்றால் அலகில் தடவலாம், நாக்கில் பட்டாலும் கெடுதலில்லை. எடுத்து வைக்கும் கத்திக்கு வேண்டாம். சில மாதத்தில் சிக்கு வாடை அடித்து, பிசுபிசுத்து, தூசியை இழுத்துப் பிடிக்கும். அச்சாணிக்கு மெஷின் எண்ணெய். அலகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

கேள்வி: மரக் கைப்பிடி போட்ட பிரெஞ்சு ஒபினெல் கத்தி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் திறக்கவே வரவில்லை, சித்திரையில் ஆடுகிறது. ஏன்? (மதுரை கே.கே. நகர் வாசகர்)

அந்தக் கத்தியின் குணமே அது. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890ல் தொடங்கிய வகை. அதில் வில் கிடையாது. பீச் மரக் கைப்பிடியில் ரம்பத்தால் அறுத்த பிளவுக்குள் அலகு உராய்ந்துதான் நிற்கிறது. மரம் ஈரத்தில் உப்பி அலகை இறுக்குகிறது, வெயிலில் சுருங்கி விட்டுவிடுகிறது. மதுரையில் கோடை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் உள்ள தூரம் அந்த மரத்துக்கு ரொம்ப அதிகம்.

இறுகிய நேரத்தில் நகக்குழியோடு மல்லுக்கட்டாதீர்கள். அங்கிருந்து வந்த பழக்கம் ஒன்று உண்டு. அலகை நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்றே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்துத் திறக்கலாம்.

நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால், காய்ந்த காலத்தில் கத்தியை ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, பிளவின் உள்பக்கங்களில் 240 நம்பர் உப்புத்தாளை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டித் தேயுங்கள். நாலைந்து தேய்ப்புக்கு ஒரு முறை அலகை மடக்கிப் பாருங்கள். அதிகம் தேய்த்தால் சித்திரையில் கத்தி கையில் நிற்காது. பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பஞ்சில் தொட்டு உள்ளும் புறமும் மெல்லப் பூசி, ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவைத்து எறியுங்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வாங்கும்போது காலம் கணிக்க ஒரு குறிப்பு: பூட்டு வளையம் 1955ல் வந்தது. எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் போன்ற பெரிய அளவுக் கத்தியில் வளையமும், அதற்கான பள்ளமும் இல்லையென்றால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். சின்ன அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது, அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஐயாயிரம் ரூபாயில் சேகரிப்பைத் தொடங்க முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம்? (திருநகர் வாசகர்)

முடியும். ஆனால் கண்டதையும் வாங்காமல் ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தி எப்படித் திறந்து நிற்கிறது என்பதையே நூலாக வைத்துக்கொள்ளலாம். வில்லும் பூட்டும் இல்லாத ஜப்பானிய ஹிகோனோகாமி ஒன்று. மிகி என்ற ஊரில் செய்வது, மடித்த பித்தளைத் தகடே கைப்பிடி, அலகின் வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அது நிற்கும். வளையப் பூட்டுக்கு ஓர் ஒபினெல். வில்லுக்கு, பிரான்சின் தியேர் நகரத்தில் 1929ல் வந்த டூக் டூக். மடித்த இரும்புத் தகடு, கல்போல் இறுகிய வில். இவை அருங்காட்சியகச் சரக்கு அல்ல, இன்றும் உற்பத்தியாகிறவை. நல்ல “டக்” சத்தம் எப்படி இருக்கும் என்று கைக்குப் பழக்கிவிட்டால் பழைய கத்தியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து கத்தி விலையையே தாண்டக்கூடும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லாகியோல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது பிரான்சில் ஓர் ஊரின் பெயர், கத்தி வகையின் பெயர். ஒரே கம்பெனிக்குச் சொந்தமான பிராண்டு அல்ல. வில்லின் மேல் தேனீ உருவம் இருப்பதால் மட்டும் அது பிரான்சில் செய்ததாகிவிடாது. சீனாவிலும் பாகிஸ்தானிலும் அதே உருவத்தில் செய்கிறார்கள். தேனீயும் வில்லும் ஒரே எஃகில் அடித்துச் செதுக்கியதா, தனியே ஒட்டவைத்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒட்டவைத்ததிலும் நல்ல கத்தி உண்டு, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கேள்வி: சுவிஸ் ராணுவக் கத்தியில் வருடம் எங்கே இருக்கும்? (சிம்மக்கல் வாசகர்)

கடையில் விற்ற சிவப்புக் கைப்பிடிக் கத்தியில் வருடம் இராது. சிப்பாய்களுக்குக் கொடுத்த அலுமினியக் கைப்பிடிக் கத்தியில், பெரிய அலகின் அடியில் வருடத்தின் கடைசி இரண்டு எண் இருக்கும். 78 என்றால் 1978. விக்டோரினாக்ஸ், வெங்கர் என்ற இரண்டு சுவிஸ் கம்பெனிகளில் எது செய்தாலும் இதே முறைதான்.

கேள்வி: மா ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். அதன்பிறகு ஒட்டு சரியாகப் பிடிப்பதில்லை. கத்தியா காரணம்? (பெரியகுளம் நாற்றங்கால்காரர்)

கத்திதான். ஒட்டுக் கத்தியில் கூர் ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாக இருக்கும். மறுபக்கம் கண்ணாடிபோல் தட்டை. சாணைக்காரர் பழக்கத்தில் இரண்டு பக்கமும் பிடித்துவிட்டார். அந்த அலகு மரத்துக்குள் நேராகப் போகாமல் வெளியே தள்ளப்படும், ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகம் நடுவில் குழிந்துவிடும். வேர்ச்செடியோடு சேர்த்துக் கட்டும்போது ஓரம் மட்டும் தொட்டு உள்ளே காற்று நிற்கும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு இரண்டும் சந்தித்தால்தானே ஒட்டு பிடிக்கும்?

சாணைச் சக்கரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பொறி பறக்கப் பிடிக்கும்போது கூர்முனை சூடேறி நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பட்ட பகுதி முழுவதும் தேய்த்து எடுத்தால்தான் நல்ல எஃகு வரும். சேகரிப்புக் கத்திகளுக்கும் இதுவே விதி. தெருவில் வரும் சாணை, அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் நல்லது. மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே தீட்டும் முறை: ஆயிரம் நம்பர் தீட்டுக்கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். சரிவுப் பக்கத்தை முழுக்கக் கல்லோடு படியவைத்து, ஒரே கோணத்தில் தேயுங்கள். மறுபக்க விளிம்பில் நகத்தை வைத்து வெளிப்புறமாக இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அந்தப் பிசிறு வந்தபின், தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்கவைத்து இரண்டே இழுப்பு. துளிகூடத் தூக்கக் கூடாது. பிறகு மூவாயிரம் நம்பர் கல்லில் இதையே செய்து, பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூர் பின்னால் வரும்படி பத்துத் தடவை இழுங்கள். பென்சில் தடிமன் மாங்குச்சியில் நான்கு ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பில் வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தை ஸ்கேல் விளிம்பில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. செடிக்குச் செடி அலகை 70 சதவீத ஸ்பிரிட்டில் துடைப்பதையும் பழக்கமாக்குங்கள்.

புதிது வாங்குவதாக இருந்தால் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனிக் கத்தி என்பதைச் சொல்லி வாங்குங்கள். ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் ஊரில் 1854 முதல் செய்யும் டினா கத்திகளைச் சேகரிப்பவர்களும் தேடுகிறார்கள், ஒட்டுக்கட்டுபவர்களும் தேடுகிறார்கள். அலகின் முதுகிலோ வாலிலோ பட்டை நெம்பும் சின்ன நாக்கு இருந்தால் அது மொட்டை மட்டும் எடுத்து ஒட்டும் கண் ஒட்டுக்கான கத்தி.

கேள்வி: கத்திகளைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். பச்சையாகப் பூத்துவிட்டது. (அழகர்கோவில் சாலை வாசகர்)

உறையை எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து, பித்தளையில் பச்சையாகவும் எஃகில் சிவப்பாகவும் பூக்கும். பச்சையைப் பல்குச்சியால் சுரண்டி, எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கத்தியைத் துவைத்த பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

செல்லுலாய்டுக் கைப்பிடிக் கத்தியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்து மூடி வைக்காதீர்கள். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி, அடைத்த பெட்டிக்குள் இருக்கும் எல்லா அலகையும் அரிக்கும். வெக்கையில் இது வேகமாக நடக்கும். கைப்பிடியில் விரிசல், அதன் அருகிலுள்ள அலகில் மட்டும் புதுத் துரு, மூக்கைச் சுண்டும் நெடி இவை அறிகுறி. தனியாக, காற்றோட்டமாக, மாடி அறை தவிர வேறு எங்காவது வையுங்கள். எருமைக் கொம்புக் கைப்பிடிக்கு வேறு எதிரி. கம்பளி தின்னும் வண்டுப் புழு கொம்பையும் தின்னும். மாவுபோல் தூள் உதிர்ந்தால் அந்தக் கத்தியை உடனே பிரித்து வையுங்கள்.

கேள்வி: வீட்டில் முப்பது கத்தி வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா? (ஆரப்பாளையம் வாசகர்)

1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டவற்றை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை இதில் சேராது. சாதாரண மடக்குக் கத்தியின் அலகு மூன்று நாலு அங்குலம்தான். ராம்பூரி வகைப் பெரிய பூட்டுக் கத்தியும், பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியும் வேண்டாம். டெல்லியில் பொத்தான் கத்திக்குத் தனி அறிவிக்கையே உண்டு. வாங்கிய ரசீது, போட்டோ, அளவு மூன்றையும் ஒரு நோட்டில் வைத்திருங்கள். சேகரிப்பு வீட்டில்தான் இருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் பையில் போட்டுக்கொண்டு போனால், இது ஷெஃபீல்டு கத்தி என்று விளக்கம் சொல்ல யாரும் நேரம் தர மாட்டார்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் வைக்கலாம்.

யானைத் தந்தம், மான் கொம்புக் கைப்பிடி விஷயம் தனி. 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றின் வியாபாரத்தைத் தடுக்கிறது. பழைய ஷெஃபீல்டு கத்திகளின் கரடுமுரடான பழுப்புக் கைப்பிடி பல, நம் நாட்டுக் கடமான் கொம்புதான். கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே தோற்றத்தில் சாயம் ஏற்றிய மாட்டெலும்புக் கைப்பிடிக் கத்திகள் ஏராளம் இருக்கின்றன.

கேள்வி: பித்தளைக் கைப்பிடிக்குள் ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் குட்டிக் கத்தியும் மடங்குகிற ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. என்ன கத்தி அது? (திருப்புவனம் வாசகர்)

கத்தி என்பதைவிட எழுத்தாணி என்று சொல்ல வேண்டும். மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுத ஊசி, ஓலையின் ஓரத்தை வாரிச் சமன்செய்யக் கத்தி, இரண்டும் இடுப்பில் குத்தாமல் இருக்க மடக்கு. நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் ஷெஃபீல்டையும் தியேரையும் தேடுவதற்கு முன் தேட வேண்டிய பொருள் இது.

உண்மையானதா என்று பார்க்க, ஊசி முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தையல் ஊசிபோல் கூராக இருந்தால் ஓலை கிழியும். எழுதிப் பழகிய முனை சற்றே உருண்டு, ஒரு பக்கம் அதிகம் தேய்ந்து, வழவழவென்று இருக்கும். கத்தி அலகு நடுவில் லேசாகக் குழிந்து தேய்ந்திருக்கும், ஓலை ஓரம் அந்த இடத்தில்தான் ஓடும். பித்தளையில் கட்டைவிரல் படும் இடத்தில் வேலைப்பாடு மழுங்கி, மற்ற இடத்தில் கூர்மையாக இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்காக இப்போது வார்த்துச் செய்வதில் எல்லாப் பள்ளத்திலும் ஒரே சீராகக் கறுப்பு ஏற்றியிருக்கும், அச்சு சேர்ந்த கோடு ஓரத்தில் தெரியும், ஊசியும் அலகும் தகரம்போல் வளையும்.

இதைக் கழுவாதீர்கள், தட்டாதீர்கள், தீட்டாதீர்கள். மூட்டில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், மென்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஆடினாலும் ஆடட்டும். காகிதமும் அச்சும் பரவியபின் ஓலையில் எழுதுவது நின்றுபோனதால், உண்மையான மடக்கெழுத்தாணி பெரும்பாலும் நூறு வயதைத் தாண்டியதாகவே இருக்கும். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குக் கூரியரில் அனுப்பலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. லீவுக்கு வரும்போது வீட்டில் வைத்துக் காட்டுங்கள்.